கீறலுக்குச் சொந்தக்காரர்

உடுமலைப்பேட்டையில் ஆடிக் காற்று தெருப் புழுதியையெல்லாம் அள்ளி எடுத்து ஒவ்வொரு வீட்டுக் கார் மேலும் பாகுபாடில்லாமல் தூவிவிட்டுப் போகிற மாதத்தில், தாராபுரம் சாலையில் தவிட்டுக்கடைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த குழந்தைவேலு, பத்தொன்பது வருடமாக இந்த ஊருக்குச் சொல்லிவந்த ஒரே ஒரு வாக்கியத்தை அன்றைக்கும் பத்து மணிக்குள் நான்கு பேரிடம் சொல்லி முடித்திருந்தார்.

"காய்ஞ்ச துணியில வண்டியைத் துடைக்காதீங்க."

வாக்கியம் அவ்வளவுதான். சுவரிலும் முழ உயரத்துக்கு நீல எழுத்தில் எழுதிவைத்திருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். ஆட்டிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து, பேச்சுக்குத் துணையாக இருக்கட்டும் என்பதுபோல், பானெட்டை வட்டவட்டமாகத் துடைத்தார்கள்.

தூசி என்பது பொடிப்பொடியான கல். காய்ந்த துணியால் அதைத் துடைத்தால் கல் நகர்ந்த வழியெல்லாம் மெல்லிய கோடு விழும். ஒரு நாளில் ஒரு வட்டம், ஒரு வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து வட்டம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் கார் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் இருக்கும். அந்த வலையை எடுப்பதுதான் குழந்தைவேலுவின் தொழில். முதலில் நுரை போட்டுக் கழுவ வேண்டும். பிறகு களிமண் கட்டியைத் தேய்த்து, ஒட்டியிருக்கும் பிசுக்கை எடுக்க வேண்டும். ரப்பர் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்ட வேண்டும். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பாதிச் செய்தித்தாள் கனம்கூட இல்லாத அந்த மேல்பூச்சு எங்கே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, பஞ்சு வட்டு மாட்டிய மெஷினால் மூன்று நாள் மெதுவாக உரச வேண்டும். நான்காம் நாள் காலையில் வண்டிக்காரர் வருவார். "அட, மூஞ்சி தெரியுதுங்க!" என்பார். துண்டை எடுப்பார். துடைப்பார்.

பெயர்ப்பலகையில் 'கார் டீட்டெய்லிங்' என்று எழுதிய நாளிலிருந்து, வருகிறவர்களில் பாதிப்பேர் டீ கேட்டார்கள். "டீ டெய்லி உண்டுங்களா, இல்ல ஞாயித்துக்கிழமை லீவா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்து, குழந்தைவேலுவின் மனைவி பூங்கோதை எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடையைக் கையால் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அது ஒரு புதன்கிழமை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் வரதராஜுலுவின் சிவப்புக் காரில் இடப்பக்கக் கதவை முடித்துக் குழந்தைவேலு மெஷினைத் தூக்கியபோது, அந்தக் கதவிலிருந்த சிலந்தி வலை மொத்தமும், சீப்பில் முடி வருவதுபோல், வட்டின் ஓரத்தில் சுருண்டு வந்தது. வெள்ளிக் கம்பிபோல் மினுங்கியது. வட்டு கிழிந்துவிட்டதோ என்று அவர் திருப்பிப் பார்த்தார்; கிழியவில்லை. அந்தச் சுருள் இறங்கி, முழங்கால் உயரத்தில் மிதந்து, ஆடிக் காற்றுக்கு எதிர்த்திசையில் வாசலைத் தாண்டி, பழனி பஸ் ஒன்று போகட்டும் என்று நின்று, பிறகு சாலையைக் கடந்து டீக்கடைக்குள் நுழைந்து, அங்கே மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வரதராஜுலுவின் வலது உள்ளங்கையில் போய் வட்டவட்டமாகப் படுத்துக்கொண்டது.

"ஏனுங்க ஏஜென்ட்டு, கையில எண்ணெயை மீறி என்னமோ மினுங்குது," என்றார் டீ மாஸ்டர்.

வரதராஜுலு கையைத் திருப்பிப் பார்த்தார். "வண்டியில இருந்ததாட்ட இருக்குது," என்று சொல்லிவிட்டு மிச்ச பஜ்ஜியைத் தின்றார்.

வீட்டில் மனைவி கேட்டபோது மட்டும், கை கொடுத்தவர் யாரிடமிருந்தோ ஒட்டியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். சொன்ன மாத்திரத்தில் உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. தேங்காய் எண்ணெய் தடவினார், மஞ்சள் தடவினார், தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். சாயங்காலம் பொறுக்க முடியாமல், "என்னுதுதான், நாந்தான் தெனமும் துடைச்சேன்," என்று கத்தினார். அரிப்பு சட்டென்று நின்றது. கோடுகள் போகவில்லை; ஆனால் சாதுவாக இருந்தன.

இப்படியாக இரண்டே நாளில் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. குழந்தைவேலு எடுக்கும் கீறல், அதைப் போட்டவர் கைக்குப் போகும். ஒத்துக்கொண்டால் சும்மா இருக்கும், இல்லையென்றால் அரிக்கும். எப்படி, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மின்சாரம் எப்படி வருகிறது என்று மட்டும் யார் கேட்டார்கள்? எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "வண்டியை எப்பக் கொண்டுவரட்டும்?"

கொண்டுவந்தார்கள். பளபளப்புக்காக ஒருவரும் வரவில்லை, எதிரிக்காக வந்தார்கள். "கதவெல்லாம் வேண்டாமுங்க, இந்தா இந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்து அனுப்புங்க, அது எந்த வீட்டுக்குப் போகுதுன்னு நான் பாத்துக்கறேன்," என்றார்கள். ஒரு கோட்டை மட்டும் எடுத்தால் அந்த இடம் மட்டும் தேமல்போல் தெரியும் என்று குழந்தைவேலு ஒவ்வொருவருக்கும் விளக்கினார். தலையாட்டினார்கள். துடைத்தார்கள். காரோடு நிற்கவில்லை; ஃப்ரிட்ஜ் கொண்டுவந்தார்கள், பீரோ கொண்டுவந்தார்கள், கேரம் போர்டு கொண்டுவந்தார்கள், மருமகள் தேய்த்ததா மாமியார் தேய்த்ததா என்று பார்க்க ஒரு குடும்பமே தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"இது கார் கடைங்க," என்றார் குழந்தைவேலு.

"ஆமாங்க, நாங்களும் கார்லதான் வந்திருக்கறோம்," என்றார்கள்.

இதில் அவருக்குப் பெரிய தலைவலி என்னவென்றால், நூறு கீறலில் தொண்ணூறு, வண்டிக்காரர் கைக்கே திரும்பிப் போனது. பக்கத்து வீட்டுக்காரன், பங்காளி, பார்க்கிங்கில் இடம் கிடைக்காத வக்கீல் என்று பட்டியலோடு வந்தவர்கள், தங்கள் உள்ளங்கையிலேயே கோடு வந்து படுப்பதைப் பார்த்ததும் அவர்மேல் பாய்ந்தார்கள். "மெஷின்ல கோளாறு," என்றார்கள். "கோயமுத்தூர் மெஷினா இருந்தா சரியாப் போயிருக்கும்," என்றார்கள். சொல்லிவிட்டுச் சொறிந்துகொண்டே போனார்கள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. கையை வீசி டாட்டா காட்டுகிற பழக்கம் நின்றுபோய், உள்ளங்கை தெரியாமல் இருக்க எல்லோரும் கைகூப்பி வணங்கத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், இவ்வளவு மரியாதையான ஊரை நாங்கள் பார்த்ததே இல்லை என்று சொல்லிப் போனார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், "பையன் கை சுத்தமுங்க," என்று தரகர் பெருமையாகச் சொல்ல, "அப்ப வீட்ல கார் இல்லீங்களா?" என்று பெண்ணின் அத்தை எழுந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு கைரேகைக்காரர், ஆயுள் ரேகை என்று நினைத்து ஒரு மினி வேனின் பின்கதவுக் கீறலைப் படித்து, எண்பது வயது என்று சொல்லிவிட்டு, பிறகு தொழிலை விட்டுவிட்டு ஜாதகத்துக்கு மாறினார்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்த கடையில், வண்டி கழுவுகிற வேலையில் இருந்தவர் திருமூர்த்தி. ஐம்பத்திரண்டு வயது. அவர் ஒரு காலத்தில் கொப்பரை வியாபாரி சென்னியப்பனுக்குப் பதினொரு வருடம் டிரைவராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன், விஜயதசமிக்குத் திருமூர்த்தி லீவு கேட்க, சென்னியப்பன் மறுக்க, வார்த்தை தடித்தது, திருமூர்த்தி வரவில்லை. மூன்று நாள் கழித்து வெள்ளை வண்டியின் இடப்பக்கத்தில், முன்கதவிலிருந்து பின்விளக்கு வரைக்கும், நீளமாக ஒரு கீறல் இருந்தது. "லீவு குடுக்கலைன்னு சாவியில கிழிச்சுட்டான்," என்று சென்னியப்பன் தேங்காய் மார்க்கெட்டில் நின்று சொன்னார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் திருமூர்த்தி கையில் ஒரு மொபெட்டின் சாவியைக்கூடக் கொடுக்கவில்லை. கடையில் அவர் காரைக் கழுவுவார். கழுவிய காரை உள்ளே எடுத்து நிறுத்த வேண்டுமென்றால், சாவியை வண்டிக்காரர் குழந்தைவேலுவிடம்தான் தருவார். திருமூர்த்தி அப்போது குழாயைச் சுருட்டுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆவணி பிறந்ததும் சென்னியப்பன் அந்த வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார்.

"வேலு, எடு. ஊரே பாக்கட்டும். எவன் கைக்குப் போகுதுன்னு பாத்துட்டு, அவன் மூஞ்சியில கேக்கணும் எனக்கு."

திருமூர்த்தி வாளியை வைத்துவிட்டு நின்றார். "எடுங்க," என்றார் அவரும்.

குழந்தைவேலு உட்கார்ந்து பார்த்தார். நகத்தை வைத்து இழுத்தார். நகம் மாட்டினால் கீறல் ஆழம், எடுக்க முடியாது; இது மாட்டியும் மாட்டாமலும் போனது. எடுத்துவிடலாம். ஆனால் அது சாவிக் கீறல் இல்லை. சாவி என்றால் கை நடுங்குகிற இடத்தில் வளையும். இது நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. அதுவும் ஒரு கோடு இல்லை, இரண்டு; ஒன்று தடிமன், ஒன்று மயிர்போல், ஒட்டி ஒட்டிப் போயின. சாணுக்கு ஒரு இடத்தில் ஒரு புள்ளி. முறுக்கிவிட்ட கட்டுக்கம்பி இழுபட்ட தடம்.

"மூணு நாள் ஆகுமுங்க," என்று மட்டும் சொன்னார்.

"ஆகட்டும். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல வர்றேன்." சென்னியப்பன் போகும்போது, பழக்க தோஷத்தில், துண்டால் கண்ணாடியை ஒரு துடைப்பு துடைத்துவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டில் குழந்தைவேலு மெதுவாகக் கேட்டார். "அண்ணா, அந்த ஆயுத பூஜைக்கு மாலையை எதுல கட்டுனீங்க?"

திருமூர்த்தி கை சோற்றில் நின்றது. "முன்னாலருந்து ரெண்டு பக்கமும் ஓடி, பின்னால வரைக்கும் போகோணும்னு பெரிய சாமந்தி மாலை வாங்கிட்டு வந்துட்டாருங்க. நார்லதான் கட்டச் சொன்னாரு. அந்தக் கனத்துக்கு நார் எங்க தாங்கும்? இடப்பக்கம் அறுந்து அறுந்து விழுந்துச்சு, அந்தப் பக்கம் மட்டும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கட்டிட்டேன்."

"அவிழ்த்தது?"

"நான் அவிழ்க்கலீங்க. மறுநாள்தான் நான் வரவே இல்லீங்களே."

பூஜை மாலையை வெட்டக் கூடாது என்று அந்த ஊரில் ஒரு வழக்கம். அவிழ்க்கத் தெரியாதவர்கள் முன்பக்கம் முடிச்சை உருவிவிட்டுப் பின்னாலிருந்து இழுத்துவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நாராக இருந்தால் ஒன்றும் ஆகாது.

பூங்கோதை குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அது இழுத்தவர் கைக்குப் போகுமா, கட்டினவர் கைக்குப் போகுமா?"

யாருக்கும் தெரியவில்லை. திருமூர்த்தி கைக்குப் போய்விட்டால், கட்டுக்கம்பியைப் பற்றியும் நாரைப் பற்றியும் யார் நின்று கேட்கப் போகிறார்கள்? கை மினுங்கும்; ஊர் பார்க்கும்; அதோடு முடிந்தது.

"நகம் மாட்டுது, எடுக்க முடியாதுன்னு சொல்லிரட்டுங்களாண்ணா?" என்றார் குழந்தைவேலு. பத்தொன்பது வருடத்தில் ஒரு கீறலைப் பற்றியும் அவர் பொய் சொன்னதில்லை.

"வேண்டாமுங்க. எடுக்காம விட்டா இப்ப இருக்கறாப்லயே இருப்பேன். இதுக்கு மேல கெடறதுக்கு என்னங்க இருக்குது எங்கிட்ட?"

மூன்று நாளும் குழந்தைவேலு உரசினார். கூரைக் கீறலை எடுத்தார், பானெட்டுக் கீறலை எடுத்தார், வலப்பக்கம் முழுவதும் எடுத்தார். சிலந்தி வலைகள் கொத்துக்கொத்தாகக் கிளம்பித் தேங்காய் மார்க்கெட்டுப் பக்கம் போயின, எல்லாம் சென்னியப்பனுடையவைதான், அவர் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. "வண்டிக்காரன் துடைக்காம எவன் துடைப்பான்?" என்று ஒத்துக்கொண்டுவிட்டதால் அரிக்கவும் இல்லை. அந்த இடப்பக்கக் கீறலை மட்டும் வெள்ளிக்கிழமைக்கு மிச்சம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. தவிட்டுக்கடை பட்டீஸ்வரன், வந்தவர்கள் உட்காரும்படி மூட்டைகளை வரிசையாகப் போட்டிருந்தார். டீ மாஸ்டர் தட்டோடு வந்து கூட்டத்துக்குள் டீ விற்றார். 'டீ டெய்லி' கடையில் உண்மையாகவே டீ கிடைத்த நாள் அது ஒன்றுதான். மூன்று பேர் கதவில் சாய்ந்து நின்றார்கள். "வண்டி மேல சாயாதீங்க," என்றார் குழந்தைவேலு. தலையாட்டிவிட்டு மறுபக்கம் போய்ச் சாய்ந்தார்கள்.

அவர் விளக்கைச் சாய்த்துவைத்து மெஷினைப் போட்டார். முன்கதவிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தார். பின்விளக்கை எட்டியதும் மெஷினை நிறுத்தினார். கீறல், ஒரு ஆள் நீளத்துக்குமேல், கம்பிபோல் விறைப்பாக, சாணுக்கு ஒரு புள்ளியோடு காற்றில் எழுந்து நின்றது. அது முதலில் திருமூர்த்தி பக்கம் திரும்பியது.

"பாத்தீங்களா!" என்றார் சென்னியப்பன்.

பாதி வழியில் அந்த முறுக்கு அவிழ்ந்தது. தடித்த கோடு ஒன்றாகவும் மெல்லிய கோடு ஒன்றாகவும் பிரிந்தது. மெல்லியது திருமூர்த்தியின் உள்ளங்கையில் போய்ப் படுத்தது. தடித்தது ஒரு சுற்றுச் சுற்றி, டீத் தட்டுக்கு மேலாகப் போய், சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனின் வலது கைக்குள் புகுந்தது. அவர் சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

திருமூர்த்தி கையை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "இது என்னுதுதானுங்க. நார்ல கட்டச் சொன்னாரு, நான் கட்டுக்கம்பியில கட்டிட்டேன். மாலை கட்டுன கம்பிங்க இது, சாவி இல்ல. பிரிச்சு இழுத்தது நான் இல்ல."

எல்லோரும் மூடிய கையைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? ஒண்ணுமில்ல," என்றார் சென்னியப்பன். அரிப்பு தொடங்கிவிட்டது. அவர் கையை வேட்டியில் தேய்த்தார். முழங்காலில் தேய்த்தார். தவிட்டு மூட்டையில் தேய்த்தார். பிறகு அத்தனை பேர் எதிரிலும் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தேய்த்தார். அந்தக் கையை வைத்துக்கொண்டு வண்டியைத் தெருவுக்குத் திருப்பக்கூட முடியவில்லை. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஒருவரும் கலையவில்லை. இரண்டாவது ரவுண்டு டீ போனது.

கடைசியில் இறங்கி வந்தார். "திருமூர்த்தி, வண்டியைக் கொண்டுபோய் வீட்ல விட்டுட்டு வா," என்று சாவியை நீட்டினார். இடது கையால்.

திருமூர்த்தி வாங்கவில்லை.

"இடது கையில குடுத்தா நான் எப்படிங்க வாங்கறது?"

பதினொரு வருடத்தில் சென்னியப்பன் அவருக்கு எதையும் இடது கையால் கொடுத்ததில்லை. அது இருவருக்கும் தெரியும். காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. மூன்று நாள் உழைப்பின்மேல் அது படிவதைப் பார்த்துக் குழந்தைவேலு பல்லைக் கடித்தார். சென்னியப்பன் சாவியை வலது கைக்கு மாற்றினார். கையை விரித்தார். உள்ளங்கையின் குறுக்கே, சாவிக்கு அடியில், தடித்த கோடு சாணுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் மடிந்து மடிந்து படுத்திருந்தது.

"என்னுதுதான்," என்றார் டயரைப் பார்த்து.

"கேக்கலீங்க," என்றார் திருமூர்த்தி.

"எங்களுக்கும் கேக்கலீங்க," என்றார் தவிட்டுக்கடை பட்டீஸ்வரன்.

"என்னுதுதான்! மாலையைப் பிடிச்சு இழுத்தது நாந்தான்! மூணு நாள் கழிச்சுத்தான் கீறலையே பாத்தேன், உன்ற மேல இருந்த கோவத்துல உன்னையச் சொல்லிட்டேன், போதுமா!" பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரிப்பு நின்றது. அவர் பெருமூச்சுவிட்டார்.

திருமூர்த்தி சாவியை வாங்கினார். சென்னியப்பனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகாமல், பஸ் ஸ்டாண்டு, மாரியம்மன் கோயில், தேங்காய் மார்க்கெட் என்று ஊரை ஒரு சுற்று சுற்றினார். இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பிறகு கடைக்கே திரும்பி வந்து, வண்டியைக் கோடு போட்டதுபோல் நிறுத்தி, சாவியை வலது கையால் நீட்டினார்.

"நாளைக்கு வந்துருப்பா," என்றார் சென்னியப்பன்.

"இல்லீங்க. எனக்கு இங்க வேலை இருக்குது."

அவர் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் வந்துகொண்டிருந்த மினி லாரிக்காரர் இறங்கி வந்து, "அண்ணா, இதைக் கழுவி உள்ள விட்டுருங்க," என்று தன் சாவியைத் திருமூர்த்தி கையில் வைத்துவிட்டு டீக் குடிக்கப் போனார். திருமூர்த்தி அந்தச் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சென்னியப்பனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண் வேறு கலங்கியது. அதை மறைக்க அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, குனிந்து, பானெட்டில் ஒரு பெரிய வட்டம் போடத் தொடங்கினார்.

"காய்ஞ்ச துணி!" என்று குழந்தைவேலுவும் திருமூர்த்தியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

துண்டு பாதி வட்டத்தில் நின்றது. வெயிலில் புதுக் கீறல் நன்றாகவே தெரிந்தது. சென்னியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே வலது கையை விரித்து நீட்டி, "என்னுதுதான்," என்றார்.

குழந்தைவேலு மெஷின் ஒயரைத் திரும்பவும் சொருகினார்.